பத்ரி சார் உட்காரும் நாள்

மகேஸ்வரி சேர்ந்த டிசைன் கல்லூரி செம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. முதல் வருடத்தில் மொத்தமே முப்பத்திரண்டு பேர். முகூர்த்த நாட்களில் கலை வரலாற்று வகுப்பு நாதஸ்வரத்தோடுதான் நடக்கும். கெட்டிமேளம் கேட்டதும் பத்ரி சார் பேச்சை நிறுத்திக்கொள்வார். கீழே தாலி ஏறி முடிந்ததும் விட்ட வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போவார்.

பத்ரிநாராயணன் என்ற அந்த பத்ரி சார் மாதுங்காக்காரர். தொண்ணூற்று நான்கு கிலோ. இதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. அவரே பலகையில் பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டுத்தான் வருடத்தின் முதல் பெரிய வேலையைக் கொடுத்தார். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, அட்டைப்பெட்டி அட்டையால் உட்காருவதற்கு ஒன்று செய்ய வேண்டும். பசை கூடாது. டேப், ஆணி, பின், கயிறு எதுவும் கூடாது. செய்தவர்களே அதை ரயிலிலோ பஸ்ஸிலோ சுமந்து வர வேண்டும்.

"அப்புறம் நான் உட்காருவேன்," என்றார் தமிழில், தமிழ்ப் பிள்ளைகள் இருந்த பக்கம் திரும்பி. "அஞ்சு நிமிஷம். நான் பாட்டுக்குப் பேப்பர் படிச்சிண்டிருப்பேன். நீங்க உங்க குலதெய்வத்தை வேண்டிண்டிருங்கோ."

போன வருடம் பதினாறில் ஒன்பது உடைந்ததாம். அதில் ஒன்று சாரை உள்ளே வைத்து மூடிக்கொண்டதாகவும், மூன்று பேர் சேர்ந்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள் என்றும் சீனியர்கள் சொன்னார்கள். அதிலிருந்து மண்டபத்து மாப்பிள்ளை அறையிலிருந்து ஒரு மெத்தையைக் கேட்டு வாங்கி, நாற்காலிக்குப் பின்னால் விரித்துக்கொண்டுதான் உட்காருகிறார்.

மற்றவர்கள் கலங்கிப்போயிருந்தபோது மகேஸ்வரிக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது. அவள் பிறந்ததே அட்டைக்கு நடுவில். அப்பா நயினாருக்குத் தாராவியில் பழைய அட்டைப்பெட்டி வியாபாரம். டிவி வந்த பெட்டி, பிஸ்கட் வந்த பெட்டி எல்லாம் அங்கே வந்து பிரிந்து, வெட்டுப்பட்டு, உள்புறம் வெளிப்புறமாகத் திரும்பி, மூலைக்கு மூலை செம்புப் பின் அடித்து, புதுப் பெட்டியாகிப் போகும். எந்த அட்டை எந்தப் பக்கம் மடங்கும், எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு விரலிலேயே இருந்தது.

நயினாருக்குத்தான் இது பிடிபடவில்லை. மகள் டிசைன் படிக்கப் போகிறாள் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னவர் அவர். முதல் வேலை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"இம்புட்டுப் படிச்சி, பரீச்சை எழுதி, இண்டர்வியூக்குப் போயி, கடைசில டப்பாவுக்குத்தான் வந்து நிக்கியா?"

"டப்பா இல்லப்பா. நாற்காலி."

"அட்டையில நாற்காலியா?" என்றவர், "சரி, பின்னு எத்தன சைஸ்ல வேணும்?" என்றார்.

"பின்னே கூடாதுப்பா."

பின் கூடாது என்றதும் நயினாரின் முகம், உப்பில்லாத குழம்பை வாயில் வைத்தவர் முகம் போல ஆனது.

மகேஸ்வரியின் ஜோடி குர்லாவிலிருந்து வரும் ஷைஸ்தா. அவளுடைய குடும்பத்துக்குப் பூர்வீகம் மேலப்பாளையம். ஷைஸ்தா தமிழை நன்றாகப் பேசுவாள், படிக்க மாட்டாள். கோபம் வந்தால் இந்திக்குப் போய்விடுவாள். அவள் அழகுக் கட்சி. மகேஸ்வரி பலக் கட்சி. மூன்று வாரம் நயினாரின் அட்டைக் கோடவுனில் சண்டை போட்டு ஆறு நாற்காலிகளை உடைத்தார்கள். ஏழாவது நின்றது. தாமரை மொக்கு மாதிரி கீழே ஒடுங்கி மேலே விரிந்த முக்காலி அது. எட்டு அட்டைகளில் பள்ளம் வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தார்கள். இருவரும் சேர்ந்து ஒருத்தி மடியில் ஒருத்தியாக உட்கார்ந்து பார்த்தார்கள். தொண்ணூற்றேழு கிலோ. பத்ரி சாரைவிட மூன்று கூடுதல். முக்காலி முனகக்கூட இல்லை.

கொண்டுபோக வேண்டிய நாளில் மழை பிடித்துக்கொண்டது. ஆகஸ்டு மாதத்து மழை. அட்டைக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. மகேஸ்வரி முக்காலிக்கு நீலத் தார்ப்பாயை மூன்று சுற்றுச் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சயானில் ரயில் ஏறினாள். குர்லாவில் இறங்கி, செம்பூர் பக்கம் போகும் ஹார்பர் லைன் பிளாட்பாரத்துக்கு வந்தபோது ஷைஸ்தா இரண்டு குடைகளோடு நின்றுகொண்டிருந்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று முக்காலிக்கு.

பன்வேல் ரயில் வந்தது. பெண்கள் பெட்டியில் மூச்சு விட இடமில்லை. கதவோரத்தில் முக்காலியைக் கீழே வைத்து, நான்கு கால்களால் அதற்கு வேலி கட்டிக்கொண்டு இருவரும் நின்றார்கள். பக்கத்தில் தடுப்பில் சாய்ந்தபடி ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல கனத்த உடம்பு. கையில் இருந்த பையில் ஆஸ்பத்திரிச் சீருடை மடித்து வைத்தது தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன.

இவர்கள் தமிழில் பேசுவதைக் கேட்டவர், "ஏ புள்ள, இது மேல செத்த உக்காந்துக்கிடட்டா? நைட் டூட்டி முடிச்சு வாரேன். வடாலாலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன்," என்றார்.

மகேஸ்வரிக்குப் பதறிப்போனது. "வேண்டாம்க்கா. காலேஜு சாமான். ஒடைஞ்சிரும்."

"என்ன சாமான்?"

மகேஸ்வரி ஷைஸ்தாவைப் பார்த்தாள். ஷைஸ்தா கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தாள்.

"நாற்காலி," என்றாள் மகேஸ்வரி.

அந்த அம்மாள் நீல மூட்டையை ஒரு தடவை, இவளை ஒரு தடவை பார்த்தார். "உக்காந்தா ஒடைஞ்சிருத நாற்காலியா? நல்லாப் படிக்கியடீ," என்றுவிட்டுத் தடுப்பில் மறுபடியும் சாய்ந்துகொண்டார். ஷைஸ்தா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ரயில் குர்லாவைத் தாண்டி நின்றது. அடுத்து வர வேண்டியது திலக் நகர், அதற்கடுத்தது செம்பூர். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, கொஞ்ச நேரத்தில் கிளம்பும் என்று யாரோ போனைப் பார்த்துச் சொன்னார்கள். பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. ஜன்னலோரத்துக்காரர்கள் தூங்க ஆரம்பித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த ஒருத்தி அந்த அம்மாளுக்கு இடம் தருகிறேன் என்று எழுந்தாள். ஆனால் கதவிலிருந்து அங்கே போக நடுவில் நாற்பது பேரைத் தாண்ட வேண்டும். அந்த அம்மாள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

அட்டை நனைந்திருக்குமோ என்ற கவலையில் மகேஸ்வரி குனிந்து தார்ப்பாயின் அடி முடிச்சை அவிழ்த்து உள்ளே கையை விட்டாள். விரலில் ஏதோ குத்தியது. தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தாள். நடு இணைப்பில் செம்பு நிறத்தில் இரண்டு பின்கள், அடுத்தடுத்து, பளபளவென்று.

போனை எடுத்தாள். "அப்பா, பின்னு அடிச்சியளா?"

"ரெண்டே ரெண்டுதான் மக்ளே. நீ சாப்பிடப் போயிருந்தப்ப அடிச்சேன். உள்பக்கமாத்தான். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே அப்பா."

"பின்னு இல்லாத சரக்கு நம்ம கோடவுன விட்டு இதுவரைக்கும் வெளிய போனது கிடையாது. மனசு கேக்கல."

அவளால் திட்டவும் முடியவில்லை. போனை வைத்துவிட்டு, "இத எடுக்கணும்ட்டி," என்றாள்.

"விட்டுருட்டி. சார் தொண்ணூத்தி நாலு கிலோ. அடியில படுத்தா பாக்கப் போறாரு?" என்றாள் ஷைஸ்தா.

"அது நம்ம நாற்காலி இல்ல அப்புறம். அப்பாவோட டப்பா."

ஷைஸ்தா பெருமூச்சு விட்டாள். பிறகு பெட்டியைப் பார்த்து, பின்னைப் பிடுங்க யாரிடமாவது ஏதாவது இருக்கிறதா என்று இந்தியில் கேட்டாள். அரை நிமிடத்தில் தலைகளுக்கு மேலாக நான்கு ஊக்கு, ஒரு கிளிப், இரண்டு சாவிக்கொத்து, ஒரு நெயில் கட்டர் எல்லாம் கை மாறி வந்து சேர்ந்தன. மகேஸ்வரி தார்ப்பாயைப் பிரித்து முக்காலியைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டி முழுக்க எட்டிப் பார்த்தது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். முதல் பின் நெயில் கட்டருக்கு வழிக்கு வந்தது. இரண்டாவது வரும்போது கூடவே ஒரு விரற்கடை அட்டையையும் கிழித்துக்கொண்டு வந்தது.

அந்த ஓட்டையைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. நடு இணைப்பு அது. மொத்தப் பாரமும் அங்கேதான் இறங்கும். இனி தாங்குமா, தாங்காதா? தாங்காது என்றால் இப்போதே தெரிந்தால் தேவலை, வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரிய வேண்டாம். இவள் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் இவள் நாற்பத்தைந்து கிலோ. ஒருத்தி மடியில் ஒருத்தி உட்காரலாம் என்றால், காலை நீட்ட இடமில்லாத பெட்டியில் அது நடக்காது. கனமான ஆள் ஒருவர் வேண்டும்.

ஷைஸ்தா கண்ணாலேயே காட்டினாள். மகேஸ்வரி மெதுவாகத் திரும்பினாள்.

"அக்கா."

"என்ன?"

"உக்காருதியளா?"

"அப்ப ஒடைஞ்சிரும்னே. இப்ப மட்டும் எப்படி ஒடையாது?"

"இப்ப ஒடைஞ்சாலும் ஒடையும்க்கா. அதப் பாக்கத்தான்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு மராட்டிப் பெண் என்ன விஷயம் என்று கேட்க, ஷைஸ்தா இந்தியில் விளக்க, பெட்டி முழுக்கச் செய்தி பரவியது. எல்லோருமாக நெருக்கி ஓரடி இடம் விட்டார்கள்.

"ஒங்க எடை எவ்வளவுக்கா?" என்றாள் மகேஸ்வரி. கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று பட்டது.

"எண்பது இருக்கும்."

அது எண்பது இல்லை என்று அந்தப் பெட்டிக்கே தெரிந்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஒரு கையால் மகேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அரை அரை அங்குலமாகக் கீழே இறங்கினார். அட்டை ஒரு தடவை கரகரத்தது. பிறகு அடங்கியது. அவர் முழுப் பாரத்தையும் விட்டார். முக்காலி நின்றது.

"ஆத்தாடி," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. இரண்டு வீங்கிய பாதங்களையும் செருப்பின் மேல் நீட்டி வைத்துக்கொண்டார்.

ஷைஸ்தா போனில் நேரத்தை ஓட விட்டாள். ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து நிமிடம் ஆனதும் பெட்டியில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். மகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது. போதும்க்கா, எழுந்திருங்க என்று சொல்வதற்காகக் குனிந்தாள். அதற்குள் அந்த அம்மாளின் தலை மெல்லச் சாய்ந்து அவள் வயிற்றில் வந்து தங்கியது. அவர் தூங்கிவிட்டிருந்தார்.

"ஸோனே தோ," என்றாள் மராட்டிப் பெண். தூங்கட்டும், விட்டுவிடு என்றாள். எல்லோரும் அதையே பார்வையில் சொன்னார்கள்.

முக்காலிக்கு முதுகு கிடையாது. அதனால் மகேஸ்வரி முதுகானாள். கொஞ்சம் அசைந்தால் தலை விழுந்துவிடும். இடது கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டு நின்றாள். எண்ணெய் வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து வந்தன. கால் மரத்தது, பிறகு இடுப்பு வலித்தது. முக்காலி கல்லு மாதிரி இருந்தது.

முப்பத்தைந்து நிமிடம் கழித்து ரயில் உயிர் வந்தாற்போல ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. திலக் நகர் போனது. செம்பூர் வந்தது.

"ஏட்டி, செம்பூர். எழுப்பு," என்றாள் ஷைஸ்தா.

"நீ எழுப்பு."

"உன் மேலதான சாஞ்சிருக்காங்க."

"நீதான் நேரம் பாத்த. நீயே சொல்லு."

செம்பூரில் ரயில் நிற்பது இருபது நொடி. அந்த இருபதையும் அவர்கள் இப்படியே செலவழித்தார்கள். ரயில் கிளம்பிவிட்டது. கோவண்டியில் எழுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். கோவண்டியில் அந்த அம்மாள் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஷைஸ்தா தோளைத் தொடப் போனாள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். மான்குர்டு நெருங்கும்போது, யாரும் எழுப்பாமலே, அந்த அம்மாள் சட்டென்று கண்ணைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தினமும் இறங்குகிற உடம்பு அது.

எழுந்தவர் இருவரையும் பார்த்தார். "செம்பூர்னுதான சொல்லிக்கிட்டிருந்திய?"

"தாண்டிருச்சிக்கா."

"எழுப்புறதுக்கு என்ன?"

மகேஸ்வரி குனிந்து முக்காலிக்குத் தார்ப்பாயைச் சுற்றத் தொடங்கினாள்.

"கிறுக்குப் புள்ளைகளா," என்றார் அவர். மான்குர்டில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் அவர்களோடு படியேறி அடுத்த பிளாட்பாரம் வரை வந்தார். வழியெல்லாம் மழை. தன் பெரிய கறுப்புக் குடையை அவர் தனக்கும் பிடிக்கவில்லை, பிள்ளைகளுக்கும் பிடிக்கவில்லை, முக்காலிக்குப் பிடித்தார். பெயர் பிரேமலதா என்று அப்போதுதான் சொன்னார். "சாரு கேட்டா நான் சொல்லுதேன், நம்பர எழுதிக்க," என்று தன் நம்பரையும் கொடுத்தார்.

பத்து மணிக்கு நிற்க வேண்டியவர்கள் கல்லூரிக்குப் படியேறியபோது பன்னிரண்டே கால். மற்ற பதினைந்து நாற்காலிகளும் முடிந்திருந்தன. எட்டு நின்றிருந்தன. ஏழு ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. மெத்தையை மாப்பிள்ளை வீட்டார் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பத்ரி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஷைஸ்தா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். தண்ணீர், பின், நெயில் கட்டர், மான்குர்டு எல்லாவற்றையும். போனில் எடுத்து வைத்திருந்த படத்தையும் காட்டினாள். மகேஸ்வரியின் வயிற்றில் தலை சாய்த்துத் தூங்கும் பிரேமலதாவை அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நன்னாத் தூங்கியிருக்கா," என்றார். "ஆனா சட்டம் என்ன? நான் உட்காரணும்."

மெத்தை இல்லாமலே செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முக்காலி உடையவில்லை. ஆனால் ஒன்றரை நிமிடத்தில் இறங்கத் தொடங்கியது. மழை ஈரமும் முக்கால் மணி நேரப் பாரமும் சேர்ந்து நடு இணைப்பு தளர்ந்துபோயிருந்தது. லிஃப்ட் இறங்குவது போல, சத்தமே இல்லாமல், சார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனார். முதலில் அவருடைய முழங்கால் இடுப்புக்கு வந்தது. பிறகு நெஞ்சுக்கு வந்தது. செய்தித்தாளை அவர் தாழ்த்தவே இல்லை. நான்காவது நிமிடத்தில் தரைக்கு வந்து சேர்ந்து, சப்பணம் போட்டுக்கொண்டு, பக்கத்தைத் திருப்பினார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாதென்று எல்லோரும் படாத பாடு பட்டார்கள்.

ஐந்து நிமிடம் ஆனது என்றாள் ஷைஸ்தா.

"அஞ்சு நிமிஷமும் உட்கார்ந்தேன்," என்றார் சார் தரையிலிருந்து. "எங்க உட்கார்ந்தேங்கறதுதான் கேள்வி." பிறகு எல்லோரிடமும் கேட்ட கடைசிக் கேள்வியை மகேஸ்வரியிடமும் கேட்டார். "உன் டிசைன்ல குறை என்ன?"

காலையிலிருந்து மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்லியிருந்தார்கள். அட்டை சரியில்லை, நேரம் போதவில்லை, இணைப்பு பலமில்லை. மகேஸ்வரிக்கும் கிழிந்த இணைப்பு நாக்கு நுனியில் நின்றது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"தல சாய்க்க எடம் இல்ல சார்."

"நான் என்ன, தூங்கறதுக்கா உட்கார்ந்தேன்?"

"நீங்க இல்ல சார். அவங்க."

பத்ரி சார் அவளை நிமிர்ந்து பார்த்தார், தரையில் இருந்ததால் நன்றாகவே நிமிர வேண்டியிருந்தது. பிறகு இரண்டு கையையும் நீட்டினார். நான்கு பேர் தூக்கிவிட்டார்கள். வேட்டியில்லாத மனிதர் வேட்டியைத் தட்டுவது போலக் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு, பத்துக்கு ஆறு என்று எழுதினார். தாமதத்துக்கு ஒன்று, இறங்கியதற்கு மூன்று கழித்திருந்தார். அடியில் தமிழில், "திங்கட்கிழமை முதுகுடன் வரவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகேஸ்வரி எழுத்துக் கூட்டி அதை ஷைஸ்தாவுக்குப் படித்துக் காட்டினாள்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. செம்பூர் பிளாட்பாரத்தில் ரயில் வர நேரமிருந்தது.

"முதுகு வச்சா ட்ரெயின்ல ஏறாதுட்டி," என்றாள் ஷைஸ்தா. "பெருசாயிரும். லேடீஸ்ங்க சும்மா விடுவாங்களா?"

"மடக்குற மாதிரி செய்வோம். நீ அந்த பெஞ்சுல உக்காரு."

"ஏன்?"

"உக்காருட்டி. தூங்கு."

ஷைஸ்தா பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் தொங்கவிட்டாள். மகேஸ்வரி அவள் பின்னால் போய் நின்று, இடுப்பிலிருந்து பிடரி வரை கையால் சாண் வைத்து அளந்தாள். இரண்டு சாண், நாலு விரல். பிரேமலதாக்காவுக்கு இன்னும் ஒரு மூன்று விரல் கூட்ட வேண்டும்.

வழியில் போன ஒரு பெண், அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு, மயக்கமா, தண்ணீர் வேண்டுமா என்று இந்தியில் கேட்டு நின்றாள்.

"ஒண்ணும் இல்ல ஆண்ட்டி," என்றாள் மகேஸ்வரி தமிழிலேயே. கை பாட்டுக்கு இரண்டாம் தடவை அளந்துகொண்டிருந்தது.